சிவப்பு வால் விமானங்களும் இரண்டு சதவீதமும்: அமெரிக்கப் படையின் கறுப்பின மாணவ விமானிகள்

2025 ஜனவரியில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள லாக்லேண்ட் விமானப்படைத் தளத்தில், பயிற்சிப் பாடத்திலிருந்து ஒரு காணொலி திடீரென்று நீக்கப்பட்டது. படையில் புதிதாகச் சேரும் இளைஞர்களுக்குக் காட்டப்பட்டு வந்த காணொலி அது. இரண்டாம் உலகப் போரில் போரிட்ட டஸ்கிகி விமானிகள் என்னும் கறுப்பின விமானிகளின் வரலாறு அதில் இருந்தது. பன்முகத்தன்மைத் திட்டங்கள் அனைத்தையும் நிறுத்த வேண்டும் என்று புதிய அதிபர் டிரம்ப் ஆணையிட்ட சில நாட்களிலேயே இது நடந்தது. செய்தி வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆளுங்கட்சியின் செனட்டர்களில் ஒருவரே கண்டித்தார். ஒரு வாரத்திற்குள் காணொலி மீண்டும் பாடத்தில் சேர்க்கப்பட்டது.

அடுத்த மாதமே இன்னொரு செய்தி வந்தது. அமெரிக்க முப்படைகளின் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் சார்லஸ் கியூ. பிரவுன், பிப்ரவரி 21 அன்று பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அவர் ஒரு போர் விமானி. கறுப்பினத்தவர். நான்கு ஆண்டுப் பதவிக் காலத்தில் பாதியைக்கூட அவர் முடித்திருக்கவில்லை.

இந்த இரண்டு செய்திகளையும் அமெரிக்காவின் உள்நாட்டு அரசியல் என்று நாம் கடந்து போய்விடலாம். ஆனால் இவற்றுக்குப் பின்னால் நூறாண்டுக் கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு சமூகத்தின் பிள்ளைக்கு வாசல் திறந்துவிட்டாலே நீதி கிடைத்துவிட்டதா? உள்ளே போன பிறகு அவன் எப்படி நடத்தப்படுகிறான், யார் அவனுக்கு மதிப்பெண் போடுகிறார், யார் அவனோடு உட்கார்ந்து படிக்கிறார் என்பதையெல்லாம் யார் பார்ப்பது? இராணுவ விமானப் பயிற்சிக்குப் போன கறுப்பின மாணவர்களின் அனுபவம் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் தருகிறது.

வாசல் திறப்பதற்கே ஒரு போராட்டம்

1925இல் அமெரிக்க இராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பின மனிதர்கள் அறிவிலும் துணிச்சலிலும் தலைமைப் பண்பிலும் தாழ்ந்தவர்கள் என்று அந்த அறிக்கை, ஏதோ அறிவியல் முடிவைப் போல எழுதி வைத்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குப் படைத்தலைமையின் மனப்போக்கு இதுவாகவே இருந்தது.

அந்த அறிக்கை எழுதப்படுவதற்கு முன்பே அதைப் பொய்யாக்கிய மனிதர்கள் இருந்தார்கள் என்பது வேடிக்கை. ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்த யூஜின் புல்லார்ட், முதல் உலகப் போரின்போது 1917இல் பிரான்ஸ் நாட்டுக்காகப் போர் விமானம் ஓட்டினார். அமெரிக்கா போரில் இறங்கியதும் தன் சொந்த நாட்டுப் படையில் சேர விண்ணப்பித்தார். அவரை ஏற்க மறுத்துவிட்டார்கள். அதே காலத்தில் உஸ்மானியப் பேரரசின் கடற்படையில், ஆப்பிரிக்க வம்சாவளியைச் சேர்ந்த அஹ்மத் அலீ செலிக்தென் என்பவர் விமானியாக இருந்தார். இஸ்மீர் நகரில் பிறந்து, 1914இல் இஸ்தான்புல் அருகே யெஷில்கோயில் தொடங்கப்பட்ட கடற்படை விமானப் பள்ளியில் பயின்றவர் அவர். உலகின் முதல் கறுப்பின விமானி யார் என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் விவாதிக்கிறார்கள். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும் ஒன்று உறுதி. பறப்பதற்கும் தோலின் நிறத்துக்கும் தொடர்பில்லை என்பது 1925க்கு முன்பே தெரிந்த விஷயம்.

பெஞ்சமின் ஓ. டேவிஸ் ஜூனியர் என்ற இளைஞர் 1932இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் யாரும் அவரோடு பேசவில்லை. அலுவல் நிமித்தமான சொற்களைத் தவிர வேறு பேச்சே இல்லை. அறையில் அவர் தனியாக இருந்தார், உணவையும் தனியாகவே உண்டார். தாமாகவே விலகிப் போகட்டும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஊர்விலக்கு அது. அவர் விலகவில்லை. 1936இல் 276 பேரில் 35ஆவது இடத்தில் தேறினார். விமானப்படையில் சேர விண்ணப்பித்தபோது, கறுப்பினத்தவருக்கென்று விமானப் பிரிவு எதுவும் இல்லை என்று காரணம் காட்டி மறுத்தார்கள். தகுதி இல்லை என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதனால் இடம் இல்லை என்றார்கள்.

1939இல் போர் நெருங்கியபோது அமெரிக்க அரசு, கல்லூரி மாணவர்களுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கறுப்பினப் பத்திரிகைகளும் அமைப்புகளும் விடாமல் கொடுத்த அழுத்தத்தால், அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி கல்வி நிறுவனம் உட்படச் சில கறுப்பினக் கல்லூரிகளும் அதில் சேர்க்கப்பட்டன. 1941 மார்ச்சில் அதிபரின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட் டஸ்கிகிக்கு வந்தார். சார்லஸ் ஆண்டர்சன் என்ற கறுப்பினப் பயிற்றுநர் ஓட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். அந்தப் புகைப்படம் நாடெங்கும் பேசப்பட்டது.

1941 ஜூலையில் முதல் வகுப்பு தொடங்கியது. 13 பேர் சேர்ந்தார்கள். 1942 மார்ச் 7 அன்று 5 பேர் மட்டும் இறக்கைச் சின்னம் பெற்றார்கள். அவர்களில் ஒருவர் அந்த டேவிஸ். போர் முடியும்வரை டஸ்கிகியில் ஏறத்தாழ ஆயிரம் விமானிகள் உருவானார்கள்.

அந்த ஆயிரம் பேரின் வெற்றிக்குப் பின்னால் இன்னொரு விஷயத்தையும் நாம் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் அந்தத் தளத்தின் வெள்ளையினத் தளபதி, உணவுக்கூடம் முதல் அறிவிப்புப் பலகை வரை எல்லாவற்றையும் நிறத்தால் பிரித்து வைத்தார். 1942 இறுதியில் நோயல் பாரிஷ் என்பவர் தளபதியானார். அவரும் வெள்ளையர்தான், தென்பகுதி மாநிலமான கென்டக்கியில் பிறந்தவர்தான். ஆனால் அவர் மாணவர்களை மாணவர்களாகப் பார்த்தார். பயிற்சியின் தரத்தை அவர் குறைக்கவில்லை, அவமதிப்பைக் குறைத்தார். ஓடுதளமும் விமானங்களும் பழையவைதான். தலைமையில் இருந்த மனிதர் மாறியதும் தளத்தின் சூழலே மாறியது.

ஒவ்வொரு முறையும் ஒரு புதிய தேர்வு

பயிற்சியை முடித்துப் போர்முனைக்குப் போனபின்பும் இவர்களுக்குத் தேர்வு முடியவில்லை. டேவிஸின் தலைமையில் 99ஆவது படைப்பிரிவு 1943இல் வட ஆப்பிரிக்காவுக்குச் சென்றது. சில மாதங்களில் அவர்களுடைய மேலதிகாரி ஒருவர், இவர்களுக்குப் போரிடும் முனைப்பு போதாது, முன்னணியிலிருந்து அகற்றலாம் என்று அறிக்கை அனுப்பினார். டேவிஸ் வாஷிங்டனுக்கு வந்து விசாரணைக் குழுவின் முன் நின்று தன் வீரர்களுக்காகப் பேச வேண்டியிருந்தது. 1944 ஜனவரி இறுதியில் இத்தாலியின் ஆன்சியோ பகுதியில் அதே பிரிவு இரண்டே நாட்களில் 12 எதிரி விமானங்களை வீழ்த்தியது. பின்னர் இராணுவமே நடத்திய ஒப்பாய்வு, அதே வகை விமானங்களை ஓட்டிய மற்றப் பிரிவுகளுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றது.

இங்கே ஒரு தகவலைத் திருத்திச் சொல்வது நம் கடமை. டஸ்கிகி விமானிகள் பாதுகாப்புக்குச் சென்றபோது ஒரு குண்டுவீச்சு விமானம்கூட வீழ்த்தப்படவில்லை என்று பலரும் பல ஆண்டுகளாக எழுதி வந்தார்கள். அது சரியல்ல. டேனியல் ஹால்மன் என்ற விமானப்படை வரலாற்றாசிரியர் ஆவணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, இவர்கள் பாதுகாத்த விமானங்களில் 27 வீழ்த்தப்பட்டன என்று கண்டறிந்தார். அதே பணியைச் செய்த மற்றக் குழுக்களின் சராசரி இழப்பு 46. உண்மையான கணக்கே அவர்களுக்குப் பெருமை சேர்க்கிறது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெருமையைப் பேசும்போது மிகைப்படுத்தல் தேவையில்லை. மிகைப்படுத்தினால், அது பொய் என்று தெரியும் நாளில் உண்மையான பகுதியையும் சேர்த்துச் சந்தேகிப்பார்கள்.

'மாணவர்' என்ற சொல்லே வேலியானபோது

1945 ஏப்ரலில் இந்தியானா மாநிலத்தின் ஃப்ரீமன் ஃபீல்ட் தளத்தில் நடந்த நிகழ்ச்சி நம் கட்டுரைக்கு மிக நெருக்கமானது. அங்கே 477ஆவது குண்டுவீச்சுக் குழுவின் கறுப்பின அதிகாரிகள் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார்கள். அதிகாரிகளுக்கான மன்றத்திலிருந்து நிறத்தின் பேரால் யாரையும் விலக்கக் கூடாது என்று இராணுவ விதி இருந்தது. தளபதி ஒரு வழி கண்டுபிடித்தார். மன்றங்களை வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று என்று அவர் பிரிக்கவில்லை. பயிற்சி பெறுவோருக்கு ஒன்று, பயிற்சி அளிப்போருக்கும் மேற்பார்வையாளருக்கும் ஒன்று என்று பிரித்தார். பிறகு, தளத்தில் இருந்த கறுப்பின அதிகாரிகள் எல்லோரையும், அவர்கள் எந்தப் பதவியில் இருந்தாலும், 'பயிற்சி பெறுவோர்' பட்டியலில் சேர்த்தார்.

விதியின் எழுத்து அப்படியே இருந்தது. அதன் நோக்கம்தான் கொல்லப்பட்டது. கறுப்பின அதிகாரிகள் சிறு சிறு குழுக்களாக மற்ற மன்றத்துக்குள் நுழைந்து கைதானார்கள். இந்தப் பிரிவினையைப் புரிந்துகொண்டதாகக் கையெழுத்திடும்படி கட்டளை வந்தபோது 101 பேர் மறுத்தார்கள். போர்க்காலத்தில் மேலதிகாரியின் கட்டளையை மீறுவதற்கு மரண தண்டனைகூட உண்டு. அது தெரிந்தேதான் மறுத்தார்கள். இறுதியில் ஒரே ஒருவர் மட்டும் சிறு குற்றத்துக்காக 150 டாலர் அபராதம் பெற்றார். மற்றவர்களின் கோப்புகளில் கண்டனக் கடிதங்கள் கிடந்தன. அவற்றை நீக்க விமானப்படைக்கு 1995 வரை, அதாவது ஐம்பது ஆண்டுகள் பிடித்தது.

எத்தனை தேர்வு எழுதினாலும், எந்தப் பதவிக்கு வந்தாலும், நீ இன்னும் கற்றுக்கொள்பவன்தான், இன்னும் நிரூபிக்க வேண்டியவன்தான் என்று சொல்லும் அநீதி இது. பாகுபாடு எப்போதும் வசைச்சொல்லோடு வருவதில்லை. பல நேரங்களில் நிர்வாக வகைப்பாடு ஒன்றின் பெயரில் வருகிறது.

சட்டம் மாறியது, பயிற்சி அறை?

1948 ஜூலை 26 அன்று அதிபர் ட்ரூமன், படைகளில் சமவாய்ப்பு வேண்டும் என்று ஆணையிட்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஜெஸ்ஸி பிரவுன் என்ற இளைஞர் அமெரிக்கக் கடற்படை விமானியாக இறக்கைச் சின்னம் பெற்றார். கடற்படையின் அடிப்படை விமானப் பயிற்சியை முடித்த முதல் கறுப்பினத்தவர் அவர். மிசிசிப்பியின் ஏழை விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. 1950 டிசம்பர் 4 அன்று கொரியப் போரில் அவருடைய விமானம் பனிமலையில் விழுந்தது. சிக்கிக்கொண்ட அவரைக் காப்பாற்ற, டாம் ஹட்னர் என்ற வெள்ளையினச் சக விமானி தன் விமானத்தையே அருகில் மோதித் தரையிறக்கினார். காப்பாற்ற முடியவில்லை. பிரவுன் அங்கேயே இறந்தார். சில ஆண்டுகளுக்கு முன்வரை ஒரே மேசையில் உண்ணக் கூடாது என்றிருந்த படையில் ஒருவர் இன்னொருவருக்காக உயிரைப் பணயம் வைத்தார். மனிதர்கள் மாறக்கூடியவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. 1952இல் ஃபிராங்க் பீட்டர்சன் மரைன் படையின் முதல் கறுப்பின விமானியானார். டஸ்கிகியில் பயிற்றுநராக இருந்த டேனியல் ஜேம்ஸ் 1975இல் நான்கு நட்சத்திர ஜெனரலானார். பெண்களின் வரிசை இன்னும் தாமதமாகத் தொடங்கியது. கடற்படையில் கறுப்பினப் பெண் ஒருவர் முதன்முதலாக விமானியானது 1980இல். கடற்படையின் போர் ஜெட் விமானத்துக்குத் தகுதி பெற்ற முதல் கறுப்பினப் பெண் மேட்லின் ஸ்வெகிள். அவர் இறக்கைச் சின்னம் பெற்றது 2020 ஜூலையில்! 'முதல்' என்ற சொல்லை 2020இலும் எழுத வேண்டியிருக்கிறது என்றால், கதவு திறந்த வேகம் எப்படிப்பட்டது என்று நாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

மதிப்பெண் தாளுக்குப் பின்னால்

இன்றைய இராணுவ விமானப் பயிற்சி எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது புரியும்.

அமெரிக்க விமானப்படையில் மாணவ விமானியின் அடிப்படைப் பயிற்சி ஏறத்தாழ ஓராண்டு. ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் உடன் பறந்த பயிற்றுநர் ஒரு மதிப்பீட்டுத் தாளை நிரப்புகிறார். குறிப்பிட்ட தரத்துக்குக் கீழே போனால் கூடுதல் பயிற்சி, பிறகு வேறொரு மதிப்பீட்டாளருடன் சோதனைப் பறப்பு, அதிலும் தவறினால் வெளியேற்றம் என்று படிகள் உள்ளன. தேறியவர்களிலும் வகுப்பில் எடுத்த இடத்தைப் பொறுத்தே போர் விமானமா, சரக்கு விமானமா என்று முடிவாகிறது. ஒருவருடைய முப்பது ஆண்டுப் பணிவாழ்வு பெருமளவுக்கு அந்த ஓராண்டில் எழுதப்படுகிறது.

உயரம், வேகம், திசை ஆகியவற்றைக் கருவிகள் அளக்கும். ஆனால் சூழலைப் புரிந்துகொள்ளும் திறன், முடிவெடுக்கும் பக்குவம், தன்னம்பிக்கை போன்றவற்றைப் பயிற்றுநரின் கண்தான் அளக்கிறது. ஒருவர் அமைதியாக இருந்தால் நிதானமானவர் என்றும் எழுதலாம், முனைப்பற்றவர் என்றும் எழுதலாம். 1943இல் 99ஆவது பிரிவைப் பற்றி எழுதப்பட்டதும் இந்த 'முனைப்பு' பற்றித்தான்.

இரண்டாவது விஷயம், வகுப்பறைக்கு வெளியே நடப்பது. விமானப் பயிற்சியில் பாதி, மாணவர்கள் ஒன்றாக உட்கார்ந்து படிப்பதில்தான் இருக்கிறது. நாற்காலியில் அமர்ந்து, கையில் விமானம் இருப்பதாகக் கற்பனை செய்து, ஒவ்வொரு அசைவையும் சொல்லிப் பார்ப்பார்கள். முந்தைய வகுப்பினரின் குறிப்புகள் கைமாறும். எந்தச் சோதனையில் எதைக் கேட்பார்கள், எந்த இடத்தில் பலரும் தவறுகிறார்கள் என்ற செய்தி மாலை நேரப் பேச்சில் கிடைக்கும். வகுப்பில் ஒரே ஒரு கறுப்பின மாணவர் இருந்து, அந்தப் பேச்சு வட்டத்துக்கு யாரும் அவரை அழைக்கவில்லை என்றால், எந்த விதியும் மீறப்படாமலேயே அவர் பின்தங்கிப் போவார். வெஸ்ட் பாயிண்டில் டேவிஸுக்கு நடந்தது திட்டமிட்ட விலக்கு. இன்று திட்டமிடாமலேயே அது நடந்துவிடும்.

மூன்றாவது, அழைப்புப் பெயர். போர் விமானிகளுக்குச் சக விமானிகள் ஒரு பட்டப்பெயர் வைப்பது வழக்கம். ஜெனரல் பிரவுனின் பட்டப்பெயர் 'சதுப்பு மனிதன்' என்ற பொருள் தரும். 1991இல் அவருடைய விமானம் பழுதாகி, ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் குதித்துத் தப்பியதால் வந்த பெயர். சிரித்துக்கொண்டே ஏற்கக்கூடிய பெயர்தான். ஆனால் வர்ஜீனியாவிலுள்ள ஒரு கடற்படைப் போர் விமானப் பயிற்சிப் பிரிவிலிருந்து விலக்கப்பட்ட கறுப்பின விமானிகள் தங்களுக்கு நேர்ந்ததாக முறையிட்டது வேறு வகை. நிறத்தைக் குறிவைத்த பட்டப்பெயர்கள் பற்றி அவர்கள் கூறிய செய்திகள் 2019இல் வெளியாயின. கடற்படை விசாரித்தது. அவர்களைப் பயிற்சியிலிருந்து விலக்கியதற்கு இனப் பாகுபாடே காரணம் என்று விசாரணை முடிவு கூறவில்லை. ஆனால் அவர்கள் மரியாதைக்குரிய முறையில் நடத்தப்படவில்லை என்பதையும், பட்டப்பெயர் விஷயத்தில் தவறு நடந்ததையும் ஏற்றுக்கொண்டது.

இந்த முடிவை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். பயிற்சியில் தவறியவர் எல்லோரும் பாகுபாட்டால் தவறினார்கள் என்று சொல்வது நேர்மையல்ல. ஆனால் அவமதிக்கப்படும் ஒரு மாணவரின் மதிப்பெண்ணில் அந்த அவமதிப்புக்குப் பங்கே இல்லை என்று எந்தத் தாளால் உறுதி சொல்ல முடியும்?

எண்கள் சொல்வது

அமெரிக்க மக்கள்தொகையில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதம். அமெரிக்க விமானப்படையின் விமானிகளில் அவர்கள் சுமார் 2 சதவீதம். ட்ரூமனின் ஆணைக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இதுதான் நிலை. 2020 டிசம்பரில் அந்தப் படையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிட்ட அறிக்கை, கறுப்பினத்தவர் விமானிகளாக இருப்பது குறைவு என்பதை ஒப்புக்கொண்டது. கறுப்பின வீரர்கள் வெள்ளையின வீரர்களைவிட 57 சதவீதம் அதிகமாக இராணுவ நீதிமன்றத்தை எதிர்கொள்கிறார்கள் என்றும் அது கூறியது.

ஏன் இந்த 2 சதவீதம்? பயிற்றுநரின் பாகுபாடு மட்டுமே காரணம் என்று சொன்னால் எளிதாக இருக்கும். ஆனால் காரணங்கள் பயிற்சிக்கு வெகு முன்பே தொடங்குகின்றன. விமானப்படைக்கான தேர்வு மதிப்பெண்ணில், விண்ணப்பதாரர் முன்பே எத்தனை மணிநேரம் விமானம் ஓட்டியிருக்கிறார் என்பதும் சேரும். அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற 10,000 டாலருக்கு மேல் செலவாகும். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இந்த மதிப்பெண்ணைப் பணம் கொடுத்து வாங்கலாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு அந்த வழி மூடியிருக்கிறது. தந்தையோ மாமாவோ விமானியாக இருந்தால் சிறுவயதிலேயே அந்த ஆசை வரும். விமானியையே பார்த்திராத பிள்ளைக்கு அந்த ஆசை எங்கிருந்து வரும்?

இதை உணர்ந்துதான் விமானப்படை 2018இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்குக் கோடைக்கால விமானப் பள்ளி ஒன்றைத் தொடங்கியது. எட்டு வாரங்களில் செலவில்லாமல் விமானி உரிமம் பெற அது உதவுகிறது. பயிற்சியின் தரத்தைத் தளர்த்தாமல், அதற்கு முன்பிருந்த பணத்தடையை மட்டும் அகற்றும் முயற்சி இது.

இராணுவப் பயிற்சிக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்று சிலர் கேட்கலாம். பயணிகள் விமான நிறுவனங்களுக்கு நீண்ட காலம் விமானிகளைத் தந்தது இராணுவம்தான். டஸ்கிகி விமானிகள் போரிலிருந்து திரும்பியபோது எந்தப் பெரிய நிறுவனமும் அவர்களைச் சேர்க்கவில்லை. விமானப்படையில் பணியாற்றிய மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, வேலை மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்று 1963இல் வென்றார். அடுத்த ஆண்டே முன்னாள் விமானப்படை விமானி டேவிட் ஹாரிஸை ஒரு பெரிய நிறுவனம் பணியில் சேர்த்தது. பயிற்சியில் மறுக்கப்படும் ஓர் இடம், ஒரு குடும்பத்தின் அடுத்த தலைமுறை வரை பாதிக்கும்.

'தகுதி' என்னும் வாதம்

இன்றைய அமெரிக்க அரசின் வாதம் இது: நிறத்தைப் பார்க்காதீர்கள், தகுதியை மட்டும் பாருங்கள். கேட்பதற்கு நியாயமான வாதம். இதில் உண்மையும் இருக்கிறது. பிரிட்டனின் விமானப்படை, எண்ணிக்கை இலக்கை எட்டும் அவசரத்தில் பெண்களையும் சிறுபான்மையினரையும் வரிசையில் முன்னால் கொண்டுவந்தது. அதனால் 31 வெள்ளையின ஆண்களுக்குப் பயிற்சியில் சேருவது தாமதமாகி அநீதி நேர்ந்தது என்று விசாரணையில் தெரியவந்து, 2023இல் அந்தப் படை மன்னிப்புக் கேட்டது. ஒருவருக்கு நீதி செய்ய இன்னொருவருக்கு அநீதி செய்வது வழியல்ல. அதை நாம் தயங்காமல் சொல்ல வேண்டும்.

ஆனால் தகுதி என்ற சொல் யாரை நோக்கி எழுப்பப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஜெனரல் பிரவுன் 3,000 மணிநேரத்துக்கு மேல் விமானம் ஓட்டியவர். அதில் 130 மணிநேரம் போர்ப் பறப்பு. இருந்தும், அவர் திறமையால் இந்தப் பதவிக்கு வந்தாரா, நிறத்தால் வந்தாரா என்று தம் நூலில் கேள்வி எழுப்பியவர்தான் பின்னர் பாதுகாப்பு அமைச்சரானார். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்டபோது பிரவுன் ஒரு காணொலி வெளியிட்டார். படைப்பிரிவில் தான் ஒருவர் மட்டுமே கறுப்பினத்தவராக இருந்ததையும், மற்றவர்கள் அணிந்த அதே சீருடையை, அதே இறக்கைச் சின்னத்தை அணிந்திருந்தும், நீங்கள் விமானியா என்று தன்னிடம் கேட்கப்பட்டதையும் அதில் நினைவுகூர்ந்தார்.

ஃப்ரீமன் ஃபீல்டில் அதிகாரிகளைப் 'பயிற்சி பெறுவோர்' ஆக்கிய அதே மனநிலைதான் இது. ஒரு சமூகத்தவர் வென்றால் சலுகையால் வென்றார் என்பதும், தோற்றால் தகுதியில்லை என்பதும் நேர்மையான அளவுகோல் ஆகாது. தகுதிதான் அளவுகோல் என்றால் அது எல்லோர் விஷயத்திலும் கேட்கப்பட வேண்டும்.

சவரக் கத்தியும் சமநீதியும்

பொதுவிதி எப்படிச் சிலர் மீது மட்டும் கனமாக விழுகிறது என்பதற்கு இன்னொரு எடுத்துக்காட்டு, தாடி. சுருள் முடி கொண்ட கறுப்பின ஆண்களில் பலருக்கு, தினமும் மழித்தால் முடி தோலுக்குள் திரும்பி வளர்ந்து புண்ணாகும். இதனால் மருத்துவர் பரிந்துரையின் பேரில் தாடியைச் சிறிதாக வைத்துக்கொள்ள அனுமதி இருந்து வந்தது. 2025இல் பாதுகாப்புத் துறை இந்த அனுமதியை இறுக்கியது. ஓராண்டுக்கு மேல் சிகிச்சை தேவைப்படுபவர்கள் படையிலிருந்தே வெளியேற்றப்படலாம் என்ற நிலை வந்துவிட்டது. மார்க்க நம்பிக்கையின்படி தாடி வைக்கும் முஸ்லிம், சீக்கிய வீரர்களுக்கும் இந்தப் போக்கு கவலை தருகிறது.

விமானிக்குப் பிராணவாயு முகமூடி முகத்தோடு இறுக்கமாகப் பொருந்த வேண்டும் என்பது உண்மையான தேவை. உயிர் சம்பந்தப்பட்டது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எவ்வளவு நீளத் தாடி முகமூடியைப் பாதிக்கும் என்பது அளந்து பார்த்து முடிவு செய்ய வேண்டிய கேள்வி. முகமூடியே அணியாத பணியில் இருப்பவருக்கும் அதே விதியைப் போடும்போது, அது பாதுகாப்பு பற்றிய விதியாக இல்லாமல் தோற்றம் பற்றிய விதியாகிவிடுகிறது.

பெயர் மட்டும் போதுமா?

அமெரிக்க விமானப்படை தன் மாணவ விமானிகளுக்காகப் புதிய பயிற்சி ஜெட் ஒன்றைக் கொண்டுவருகிறது. 2019இல் அதற்கு 'சிவப்புப் பருந்து' என்ற பொருளில் பெயர் சூட்டினார்கள். டஸ்கிகி விமானிகள் தங்கள் விமானங்களின் வாலுக்குச் சிவப்பு வண்ணம் பூசியிருந்தார்கள். அவர்களின் நினைவாகவே இந்தப் பெயர், அதன் வாலும் சிவப்பு. பழைய பயிற்சி விமானங்களின் இருக்கை, சராசரி ஆண் உடலை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. இதில் பெண்களும் உயரம் குறைந்தவர்களும் அமர்ந்து ஓட்டும்படி இடம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது.

இனி வரும் பல்லாண்டுகளில், எந்த நிறத்து மாணவராக இருந்தாலும், இந்தப் பெயர் தாங்கிய விமானத்தில்தான் பறக்கக் கற்றுக்கொள்வார். அந்த வால் ஏன் சிவப்பாக இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அதைச் சொல்லும் காணொலியைத்தான் 2025 ஜனவரியில் நீக்கினார்கள். சிலநாளில் திருப்பிவைத்தார்கள் என்பது ஆறுதல். பொதுமக்கள் பேசியதால்தான் அது திரும்பி வந்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இந்த வரலாற்றை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லும்போது வெற்றியை மட்டும் சொல்லி நிறுத்திவிட வேண்டாம். முதல் வகுப்பில் சேர்ந்த 13 பேரில் தேறிய 5 பேரின் பெயர்கள் நூல்களில் இருக்கின்றன. மற்ற 8 பேரின் கதையை யாரும் பேசுவதில்லை. அவர்களில் யார் பறக்கத் தெரியாமல் தவறினார், யார் சரியாகக் கற்றுத்தரப்படாமல் தவறினார் என்று இன்று நம்மால் பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு நிறுவனம் நீதியானதா என்று பார்க்க விரும்புபவர், அதில் வென்றவர்களின் புகைப்படத்தை மட்டும் பார்த்தால் போதாது. தோற்றவர்கள் எப்படித் தோற்றார்கள் என்றும் விசாரிக்க வேண்டும். ஆசிரியராக, அதிகாரியாக, முதலாளியாக இன்னொருவருக்கு மதிப்பெண் போடும் இடத்தில் இருக்கும் நாம் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் முன் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் அதுதான்.